கெர்மிட்டுக்கும் மிஸ் பிக்கிக்கும் கல்யாணம் ஆச்சா, ஆகலையா?

காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் நாலு பேர் சேர்ந்து மப்பெட்ஸ் என்கிற அமெரிக்கக் கைப்பொம்மைக் கும்பலின் படங்களை ஆண்டு வரிசையில் பார்த்து முடித்திருக்கிறார்கள். முடித்ததும் சண்டை. அவர்கள் அனுப்பிய கேள்வி இது: 1984 படத்தில் கெர்மிட் தவளைக்கும் மிஸ் பிக்கி என்கிற பன்றிக்கும் பாதிரியார் முன்னால் கல்யாணமே நடந்துவிட்டது. 2011 படத்தில் பார்த்தால் இருவரும் பிரிந்துபோன காதலர்கள். 2014 படத்தில் பிக்கி அதே கெர்மிட்டைக் கட்டிக்கொள்ளத் துடிக்கிறாள். அப்படியானால் அந்தத் தாலி என்னாயிற்று? கூடவே நாலு துணைக் கேள்விகள். இந்தக் கும்பல் முதன்முதலாகச் சந்தித்தது எத்தனை தடவை? கோன்ஸோ வேற்றுக்கிரகவாசி என்றால் அதற்கப்புறம் ஏன் யாரும் அதைப் பேசவில்லை? ரால்ஃப் நாய்க்கும் ஸ்கூட்டருக்கும் 90-களில் ஏன் வாய் அடைத்துப்போனது? (ஸ்கூட்டர் என்றால் வண்டி இல்லை, கண்ணாடி போட்ட எடுபிடிப் பையன்.) இவர்கள் நிகழ்ச்சி நடத்தும் அந்தத் தியேட்டர் உண்மையில் யாருடையது?

முதல் மூன்றும் ஓட்டை இல்லை. நாலாவது ஓட்டைதான், ஆனால் கதையில் இல்லை, கையில். ஐந்தாவது மட்டும் அசல் ஓட்டை.

வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க ரொம்ப மெனக்கெட வேண்டாம், பாரதக் கூத்து பார்த்த கண் இருந்தால் போதும். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகடை துயில் அன்றைக்குத் துச்சாதனன் கட்டின ஆளே கர்ண மோட்சத்தன்றைக்குக் கர்ணனாக வந்து நிற்பார். 'நேற்று சேலையைப் பிடித்து இழுத்தவனுக்கு இன்று ஏன் அழுகிறீர்கள்' என்று களரியில் ஒருத்தரும் கேட்பதில்லை. கட்டியக்காரன் கதை இன்னும் மோசம். தருமன் சபைக்கும் அவன்தான் காவல், துரியோதனன் சபைக்கும் அவன்தான் காவல். திரைக்கு முன்னால் நின்றுகொண்டு 'நீ யாரு, எந்த ஊரு, எதுக்கு வந்தே' என்று ராஜாவையே விசாரிப்பான். துவாபர யுகத்தில் நின்றபடி ஆற்காடு பஸ்ஸையும் ரேஷன் கடையையும் இழுப்பான். அது கதைப் பிழை இல்லை, அவன் வேலையே அதுதான்.

மப்பெட்ஸும் அப்படி ஒரு ஜமா, அதாவது கூத்துக் குழு. கெர்மிட் வாத்தியார், மற்றவர்கள் வேஷக்காரர்கள். படத்துக்குப் படம் வேஷம் மாறும், ஜமா மாறாது. குழப்பம் வருவது ஒரே இடத்தில்தான். கூத்தில் வேஷத்துக்கு ஒரு பெயர், ஆளுக்கு வேறு பெயர். இங்கே கெர்மிட் பல படங்களில் கட்டுகிற வேஷத்தின் பெயரும் கெர்மிட். அதனால் வேஷத்துக்கு நடந்ததை ஆளுக்கு நடந்ததாக எடுத்துக்கொள்கிறோம்.

இது ரசிகர்கள் முட்டுக்கொடுக்கக் கட்டிவிட்ட கதை இல்லை. படங்களே சொல்கின்றன. 1979-ல் வந்த முதல் படத்தைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். சதுப்பு நிலத்தில் பாஞ்சோ வாசிக்கும் தவளைக்கு முன்னால் வேறொரு காட்சி இருக்கிறது: ஒரு சின்னத் திரையரங்கில் மப்பெட் கும்பல் முழுவதும் தங்கள் படத்தையே பார்க்க வந்து உட்கார்ந்திருக்கிறது. கெர்மிட்டின் அண்ணன் மகனோ அக்கா மகனோ, ராபின் என்கிற குட்டித் தவளை, நாமெல்லாம் உண்மையில் இப்படித்தான் ஒன்றுசேர்ந்தோமா என்று கேட்கிறது. ஏறக்குறைய இந்த மாதிரிதான் என்று கெர்மிட் மழுப்புகிறது. எல்லா விவாதத்துக்கும் அந்த மழுப்பல்தான் சாவி. நாம் பார்க்கப்போவது நடந்தது இல்லை, நடந்ததை வைத்து அவர்களே எடுத்த படம்.

அதே படத்தில் இன்னொரு இடம். வழியில் டாக்டர் டீத்தும் அவர் இசைக்குழுவும் தங்கியிருக்கும் பழைய தேவாலயத்தில் கெர்மிட்டும் ஃபாஸி கரடியும் நுழைகிறார்கள். இதுவரை நடந்ததை வாயால் சொன்னால் பார்வையாளர்களுக்கு அலுத்துவிடும் என்று கெர்மிட் படத்தின் திரைக்கதைப் பிரதியையே எடுத்து நீட்டுகிறது. பிறகு கார் பழுதாகி எல்லாரும் ராத்திரி பாலைவனத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். திடீரென்று இசைக்குழுவின் வண்டி வந்து நிற்கிறது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால், திரைக்கதையில் படித்தோம் என்கிறார்கள். இதைவிடப் பெரிய ஓட்டையை எந்தக் கதாசிரியரும் விட முடியாது. ஆனால் இது விட்ட ஓட்டை இல்லை, வெட்டிய ஓட்டை. ஸ்வீட்டம்ஸ் என்கிற ராட்சத உருவம் படம் நெடுக இவர்கள் காரைத் துரத்தி ஓடிவந்து, கடைசியில் அந்தச் சின்னத் திரையரங்கின் திரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே விழுவதும் இதே சேர்த்திதான்.

1981 படம் இன்னும் வெளிப்படை. பறக்கும் பலூனில் நின்றபடி கெர்மிட்டும் ஃபாஸியும் கோன்ஸோவும் படத்தின் பெயர்ப்பட்டியலையே விமர்சிக்கிறார்கள். அப்புறம் தவளையும் கரடியும் 'ஒரே அச்சு இரட்டையர்கள்' என்று கதை ஆரம்பிக்கிறது. எது யார் என்று மற்றவர்கள் பிரித்து அடையாளம் காண்பது கரடியின் தொப்பியை வைத்து. கொஞ்ச நேரம் கழித்து காதல் காட்சியில் கெர்மிட்டும் பிக்கியும் வேஷத்தை உதறிவிட்டு, நீ ஓவராக நடிக்கிறாய், நான் இந்தப் படத்தைக் காப்பாற்றப் பார்க்கிறேன் என்று நிஜமாகவே சண்டை போட்டுக்கொள்கிறார்கள். லேடி ஹாலிடேயாக வரும் டயானா ரிக், வேலைக்குப் புதிதாகச் சேர வந்த பிக்கியிடம் தன் தம்பியின் வண்டவாளத்தை எல்லாம் கொட்டுகிறார். எதற்கு இதை என்னிடம் சொல்கிறீர்கள் என்றால், கதை விவரம், எங்கேயாவது சொல்லித்தானே ஆகவேண்டும் என்கிறார்.

இப்போது கல்யாணத்துக்கு வரலாம். 1984 படத்தை இயக்கியவர் ஃபிராங்க் ஆஸ், அதாவது பிக்கியின் கையும் குரலும் அவரே. அந்தப் படத்தின் கதைப்படி இவர்கள் கல்லூரி முடித்த பிள்ளைகள். தங்கள் நாடகத்தை நியூயார்க்கின் பிராட்வேயில் அரங்கேற்ற அலைகிறார்கள். கடைசியில் அரங்கேறுகிறது, நாடகத்தின் முடிவில் கல்யாணக் காட்சி. ஒத்திகைப்படி பாதிரியார் வேஷம் கோன்ஸோவுக்கு. மேடையில் கெர்மிட் நிமிர்ந்து பார்த்தால் அங்கியோடு நிற்பது மனிதர். கோன்ஸோ அல்லவா வரவேண்டும் என்று கெர்மிட் தடுமாறுகிறது, பக்கத்தில் பிக்கி ஒன்றும் தெரியாத முகத்தோடு நிற்கிறாள். கொஞ்சம் இழுத்துவிட்டு கெர்மிட் சம்மதம் சொல்லிவிடுகிறது. அந்தப் பாதிரியாராக வந்தவர் நிஜ வாழ்விலும் பாதிரியாரே என்பதுதான் இத்தனை வருஷம் இந்த வழக்கை முடியவிடாமல் வைத்திருக்கிறது.

எண்ணிப் பாருங்கள், எத்தனை திரை விழுந்திருக்கிறது என்று. ஜமா நடிக்கிற ஒரு படம். அந்தப் படத்துக்குள் கல்லூரிப் பிள்ளைகள் என்ற வேஷம். அந்த வேஷக்காரர்கள் போடுகிற நாடகம். அந்த நாடகத்துக்குள் கல்யாணம். மூன்று திரைக்குப் பின்னால் நடந்த கல்யாணத்தை வைத்து வாசலில் நிற்கிற ஆளைச் சம்சாரி என்று சொல்ல முடியாது. கெர்மிட்டின் நிலையும் அதுதான்: அது வெறும் படம். பிக்கியின் நிலை: கல்யாணம் கல்யாணம்தான். இருவரும் பல வருஷமாகப் பேட்டிகளில் இந்தச் சண்டையைத் தொடர்ந்திருக்கிறார்கள். ஆக, முரண்பாடு படத்துக்கும் படத்துக்கும் இல்லை, தவளைக்கும் பன்றிக்கும். விடுதியில் யார் கட்சி ஜெயிக்கும் என்றால், சட்டப்படி கெர்மிட் கட்சி. பிக்கி கட்சியில் இருப்பவர்கள் பாதிரியாரை மட்டும் பிடித்துக்கொள்ளாமல், கெர்மிட் முழு சுயநினைவோடு சம்மதம் சொன்ன இடத்தைக் காட்டி வாதாடினால் கொஞ்சம் நிற்கும். அந்தப் படத்தில் அது கார் மோதி நினைவை இழந்து, அப்போதுதான் நினைவு திரும்பியிருந்தது.

முதல் சந்திப்புக் கேள்வி இதோடு கரைந்துவிடுகிறது. 1979-ல் சாலையில் ஒவ்வொருவராகச் சேர்கிறார்கள், 1981-ல் கெர்மிட் பிக்கியை லண்டனில் முதன்முதலாகப் பார்க்கிறது, 1984-ல் எல்லாரும் ஒரே கல்லூரி. மூன்றும் மூன்று வேஷம். பலரும் தடுக்கி விழுவது ஒரு வீட்டின் குழந்தைகள் அறையில் எல்லாரும் ஒன்றாக வளரும் 'மப்பெட் பேபீஸ்' கார்ட்டூன் தொடரில்தான். சதுப்பு நிலத்தில் பிறந்து வளர்ந்த தவளை, கால் மட்டுமே தெரியும் அந்த ஆயாவின் கோடு போட்ட காலுறைகளைப் பார்த்து வளர்ந்தது எப்படி? அந்தத் தொடர் எங்கிருந்து முளைத்தது என்று பாருங்கள். 1984 படத்தின் நடுவில் பிக்கி காண்கிற பகல்கனவில் எல்லாரும் குழந்தைகளாக வருகிறார்கள். அது பிடித்துப்போய், அதே வருஷம் அமெரிக்காவில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடராகி 1991 வரை ஓடியது. சின்ன வயதிலிருந்தே கெர்மிட்டோடு இருந்திருக்கக் கூடாதா என்கிற பிக்கியின் ஏக்கம் அது, வரலாறு இல்லை. ஸ்கூட்டருக்கு ஸ்கீட்டர் என்று ஒரு இரட்டைச் சகோதரி அங்கே இருப்பதும் எந்தப் படத்திலும் அவள் தலைகாட்டாததும் இதனால்தான். (ஸ்கூட்டர் என்றால் வண்டி இல்லை, கண்ணாடி போட்ட எடுபிடிப் பையன்.)

கோன்ஸோ விஷயம் வேறு மாதிரி. அது என்ன பிராணி என்று ஆரம்பத்திலிருந்தே யாரும் முடிவு செய்யவில்லை. 1981 படத்தில் அது அடைபட்டு வரும் பெட்டியின் மேல் 'ஏதோ ஒன்று' என்கிற அர்த்தத்தில்தான் எழுதியிருக்கும். 1970-ல் ஒரு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்காகச் செய்த குட்டிப் பூதத்தின் பொம்மையைத்தான் 1976-ல் தொடங்கிய மப்பெட் தொலைக்காட்சித் தொடருக்காகத் தூசு தட்டிக் கோன்ஸோவாக்கினார்கள். முதல் சீசனில் அதன் கண்ணிமை அசையாது, பாதி மூடியபடி எப்போதும் சோகமாகத் தெரியும். இரண்டாவது சீசனுக்கு இமை அசையும் புதுப் பொம்மை வந்தது. அதோடு குணமும் மாறியது: அழுமூஞ்சி போய், பீரங்கிக்குள் புகுந்து வெடித்துப் பறக்கும் பைத்தியக்காரச் சாகசக்காரன் வந்தான். 'குணத்தில் தொடர்ச்சி இல்லை' என்று புகார் சொல்கிறவர்கள் இந்த இமையின் பொறியைக் கவனிப்பதில்லை. 1999 படம் அதை வேற்றுக்கிரகத்தின் வாரிசு ஆக்கியது. 2011-ல் அதே கோன்ஸோ கழிவறைச் சாமான் வியாபாரத்தில் பெரிய பணக்காரன், வானத்துச் சொந்தங்களைப் பற்றி ஒரு மூச்சு இல்லை. என் கணக்கில் 1999-ம் ஒரு வேஷமே. ஆனால் 1979 படத்தில் பாலைவன ராத்திரியில் நட்சத்திரங்களைப் பார்த்து, ஒருநாள் அங்கே திரும்பிப் போவேன் என்று கோன்ஸோ பாடுவதைக் காட்டி, அப்போதே விதை போட்டுவிட்டார்கள் என்று சொல்பவர்களை மறுக்க மனம் வராது. அந்தப் பாட்டு அவ்வளவு நல்ல பாட்டு.

ரால்ஃபும் ஸ்கூட்டரும் ஏன் ஊமையானார்கள் என்பதற்குப் பொம்மைக்குள் கையை விட்டுப் பார்க்க வேண்டும். கெர்மிட் மாதிரிப் பொம்மையில் ஆட்டுபவரின் வலது கை தலைக்குள் போகும். நாலு விரல் மேல்தாடை, கட்டைவிரல் கீழ்த்தாடை. பேசும்போது அசையவேண்டியது கட்டைவிரல். கற்றுக்குட்டிகள் மேலே இருக்கும் நாலு விரலைத் தூக்கிவிடுவார்கள், ஒவ்வொரு அசைக்கும் பொம்மையின் மண்டை பின்னால் திறந்து திறந்து மூடும். இடது கை மிச்சம் இருக்கிறதே, அதில்தான் பொம்மையின் கைகளை ஆட்டும் மெல்லிய கம்பிகள். அதனால் மப்பெட்டுகளில் பெரும்பாலானவை இடக்கைப் பழக்கம். ரால்ஃபும் ஃபாஸியும் வேறு வகை. அவற்றின் கை, உறை மாதிரி நிஜ விரல் நுழையும் கை. தலையும் இடது கையும் முதன்மை ஆட்டக்காரருக்கு, வலது கை இன்னொருவருக்கு. இரண்டு உடம்பு ஒட்டி நின்று, தலைக்கு மேல் கையைத் தூக்கிப் பிடித்து, கீழே வைத்த மானிட்டரைப் பார்த்தபடி ஒரே நாயாகப் பியானோ வாசிக்க வேண்டும். மானிட்டரில் தெரிவது கண்ணாடிப் பிம்பம் இல்லை, ஒளிபரப்பாகிற அதே படம். இடது பக்கம் போக நினைத்து வலது பக்கம் போய் முட்டுவது புதியவர்களுக்குத் தினப்படி.

கெர்மிட், ரால்ஃப், டாக்டர் டீத், வால்டார்ஃப் நாலும் மப்பெட்ஸை உருவாக்கிய ஜிம் ஹென்சனின் கை, குரல். 1979 படத்தில் கெர்மிட்டும் ரால்ஃபும் பியானோவில் உட்கார்ந்து சேர்ந்து பாடுகிறார்களே, இரண்டு குரலும் அவருடையதே. ஹென்சன் 1990 மே 16 அன்று இறந்துபோனார். கெர்மிட் இல்லாமல் ஜமா இல்லை, அதை ஸ்டீவ் விட்மயர் எடுத்துக்கொண்டார். (2017-லிருந்து மாட் வோகல்.) ரால்ஃபுக்கு உடனே யாரையும் போடவில்லை. 1992-ல் வந்த கிறிஸ்துமஸ் படத்தில் விருந்துக் காட்சியில் ரால்ஃப் பியானோ வாசிக்கும், ஒரு சொல் பேசாது. ஸ்கூட்டரை ஆட்டிய ரிச்சர்ட் ஹன்ட் அந்த வருஷம் ஜனவரியில் இறந்தார். ஸ்கூட்டர் கிட்டத்தட்ட அந்தப் பத்தாண்டு முழுவதும் காணோம், நிலையாக ஒருவர் கைக்கு வர 2008 ஆயிற்று. கதைக்குள் இதற்குக் காரணம் தேடுபவர்கள், ஸ்கூட்டர் வேறு வேலைக்குப் போய்விட்டது என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். தேவையில்லை. வாத்தியார் போனால் அவர் கட்டின வேஷத்தைக் கொஞ்ச நாள் பெட்டியிலேயே வைத்திருப்பது எந்த ஜமாவுக்கும் உள்ள வழக்கம்தான்.

அந்த 1992 படத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய கிறிஸ்துமஸ் கதை. அதில் கெர்மிட் பாப் கிராட்சிட் என்கிற குமாஸ்தா, கோன்ஸோ கதை சொல்லும் டிக்கன்ஸ், எல்லாம் பிறத்தியார் வேஷம், குழப்பமே இல்லை. பள்ளி ஆசிரியராக வரும் சாம் கழுகு பழக்கதோஷத்தில் 'இதுதான் அமெரிக்க வழி' என்று முழங்க, கோன்ஸோ காதைக் கடித்ததும் 'பிரிட்டிஷ் வழி' என்று மாற்றும் இடம் அப்படியே கட்டியக்காரன் வேலை. ஆனால் கதைநாயகனான கஞ்சன் ஸ்க்ரூஜின் இளவயதுக் காதலி விடைபெற்றுப் பாடும் பாட்டைத் திரையரங்குப் பதிப்பில் வெட்டிவிட்டார்கள். அந்தப் பதிப்பைப் பார்த்தால் ரிஸோ எலி ஒரு காரணமும் இல்லாமல் தேம்பிக்கொண்டிருக்கும், கடைசிப் பாட்டு எதற்குப் பதிலாக வருகிறது என்றும் பிடிபடாது. ஓட்டை எழுத்தில் இல்லை, கத்தரியில். மூலப் பிரதியைத் தேடியெடுத்து 2022-ல் முழுப் பதிப்பை மறுபடி வெளியிட்டார்கள். நீங்கள் பார்த்தது எது என்று சரிபார்த்துவிட்டு வாதாடுங்கள்.

சண்டை வரும்போது இந்த வரிசையில் கேளுங்கள்: இந்தப் படத்தில் ஆள் சொந்தப் பெயரிலா, வேறு பெயரிலா? சொந்தப் பெயர் என்றால், தான் படத்தில் இருப்பது அவனுக்குத் தெரிகிறதா? தெரிந்தால் அது வேஷம், அடுத்த படத்தோடு கோர்க்காதீர்கள். இரண்டிலும் சிக்காதது ஏதாவது இருந்தால், அந்த வருஷம் அந்தப் பொம்மைக்குள் யார் கை இருந்தது, உரிமை யாரிடம் இருந்தது என்று பாருங்கள். 1987 கிறிஸ்துமஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் மப்பெட், செசமி ஸ்ட்ரீட், ஃப்ராகிள் என்று ஹென்சனின் மூன்று பொம்மைக் குடும்பமும் ஃபாஸியின் அம்மா வீட்டில் ஒன்றாகப் பாடின. இன்றைக்கு முதல் குடும்பம் 2004-லிருந்து டிஸ்னியிடம், இரண்டாவது செசமி வொர்க்‌ஷாப்பிடம், மூன்றாவது ஹென்சன் கம்பெனியிடம். பாகம் பிரிந்த வீட்டில் பொங்கல் தனித்தனியாகத்தானே.

இத்தனை சல்லடையிலும் தங்குவது தியேட்டர். 1976 முதல் 1981 வரை 120 அத்தியாயம் ஓடிய தொலைக்காட்சித் தொடரில் அந்தப் பழைய நாடகக் கொட்டகையின் சொந்தக்காரர் ஸ்கூட்டரின் மாமா. அந்த உரிமையைச் சொல்லித்தான் ஸ்கூட்டர் வேலைக்கே சேர்கிறது. 2011 படத்தில் அது ஹாலிவுட்டில் ஸ்டுடியோவோடு ஒட்டி நிற்கிறது, மாமாவைப் பற்றிப் பேச்சில்லை, பழைய ஒப்பந்தம் ஒன்றின்படி ஒரு கோடி டாலர் கட்டாவிட்டால் டெக்ஸ் ரிச்மன் என்கிற எண்ணெய் முதலாளி கைக்குப் போய்விடும். இரண்டுமே ஜமாவின் சொந்த வாழ்க்கையைக் காட்டுகிற கதைகள், வேஷம் என்று தப்பிக்க வழியில்லை. வேடிக்கை என்னவென்றால் அந்த ஒப்பந்தம் புதிதாக முளைத்தது இல்லை. 1979 படத்தின் முடிவில் ஸ்டுடியோ முதலாளியாக வரும் ஆர்சன் வெல்ஸ், பணமும் புகழும் தரும் வழக்கமான ஒப்பந்தத்தைத் தயார் செய் என்று செயலாளரிடம் சொல்வாரே, அதே காகிதம். 32 வருஷம் கழித்து ஒரு நகைச்சுவை வசனத்துக்கு வட்டி போட்டு வசூலித்திருக்கிறார்கள். அவ்வளவு கவனமாக அதை நினைவு வைத்தவர்கள், ஸ்கூட்டரின் மாமா எப்போது யாருக்குக் கொட்டகையை எழுதிக்கொடுத்தார் என்பதற்கு மட்டும் ஒரு வரி செலவழிக்கவில்லை. இந்த ஒன்றில் விடுதித் தம்பிகள் சொல்வது சரி.